பிரவுன் கலர் கதை

குருவுக்கு வயசு முப்பத்திரெண்டு. சிஷ்யனுக்கு அம்பத்தாறு. முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா பாதிக் கதை வரைக்கும் தாடி வச்ச ஒரு ஆளைத் தேடிட்டு இருப்பீங்க.

குரு பேரு பொற்கொடி டீச்சர். தவம் பண்றதுக்கு ஆலமரம்லாம் கிடையாது, மூணாம் வகுப்புதான். புலித்தோலுக்குப் பதிலா ஒரு கால் ஆடுற பிளாஸ்டிக் நாற்காலி. சக்தி என்னன்னா, சாயங்காலம் பெல் அடிச்சாலும் அவங்க வகுப்புப் பிள்ளைங்க வீட்டுக்குப் போக மாட்டாங்க. தாய்மாருங்க வந்து தரதரன்னு இழுத்துட்டுப் போகணும்.

அதே பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு சவரிமுத்து சார். அவரு வகுப்புல பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே பிள்ளைங்க பையை மாட்டிட்டு, ஓட்டப்பந்தயத்துக்கு நிக்கிற மாதிரி நிப்பாங்க.

ஒருநாள் சார் மூணாம் வகுப்பு வாசல்ல வந்து நின்னாரு.

"டீச்சர், என்னை உங்க சிஷ்யனா சேர்த்துக்கோங்க."

"விளையாடாதீங்க சார்."

"விளையாடத் தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?"

டீச்சர் அவரை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"குருதட்சணை உண்டு. உங்க வீட்டு மாங்கா ஊறுகாய். தினமும்."

"சரி."

அப்படித்தான் அவரு சிஷ்யனானாரு.

சாருக்கு ஒரு கனவு. தன் வகுப்புல ஒரு நூலகம் வைக்கணும். மே மாசம் பூரா, ஊரே ஃபேனுக்கு அடியில படுத்துக் கிடந்தப்ப, இவரு மொபெட்ல பழைய மாணவங்க வீடு வீடா அலைஞ்சாரு. "ஏல, உன் பிள்ளைங்க படிச்சு முடிச்ச கதைப் புத்தகம் இருந்தா குடுல." இவரு கிட்ட அடி வாங்கினவங்க எல்லாம் பயந்துபோய் படிக்காத புத்தகத்தையும் சேர்த்துக் குடுத்தாங்க. சென்னையில கடை வச்சிருக்கிற ஒருத்தன் ரெண்டு பெட்டி நிறைய புதுசாவே வாங்கி அனுப்பிட்டான். ரொம்ப அடி வாங்கியிருப்பான் போல.

அப்புறம் சாரும் அவரு சம்சாரம் பிலோமினாவும் உட்கார்ந்தாங்க. மைதாப் பசை காய்ச்சி, எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் அட்டை போட்டாங்க. அட்டை மேல லேபிள். லேபிள்ல நம்பர். பேரு எழுதல, எழுதினா கோணலா போகுமாம். கண்ணாடிக் கதவு வச்ச பீரோவுல அடுக்கினதும், செங்கல் சூளை மாதிரி அவ்வளவு ஒழுங்கு. பீரோவுக்குப் பூட்டு. சாவி சார் இடுப்புல, அரைஞாண் கயித்துல. பக்கத்துச் சுவத்துல ஒரு சார்ட்.

கை கழுவவும். வரிசையில் வரவும். பேசக் கூடாது. ஒன்று மட்டுமே எடுக்கவும். எடுத்ததை மாற்ற முடியாது. கிழித்தால் பெற்றோருடன் வரவும்.

பள்ளிக்கூடம் திறந்துச்சு. பிள்ளைங்க பீரோவைப் பார்த்தாங்க. இசக்கின்னு ஒரு பையன், வாய் நீளம், செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு பீரோ முன்னாடி நின்னு, கன்னத்துல போட்டுக்கிட்டான். மறுநாள்ல இருந்து வகுப்பே அதைக் கும்பிட்டுட்டுதான் உட்கார்ந்துச்சு. பரிட்சை அன்னைக்கு யாரோ பூ வச்சுட்டாங்க.

யாரும் புத்தகம் கேக்கல.

சார் ஜெபராணின்னு ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, கையில ஒண்ணைத் திணிச்சு அனுப்பினாரு. மறுநாள் புத்தகம் பத்திரமா திரும்பி வந்துச்சு.

"படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு சார்."

"என்ன கதை?"

ஜெபராணி கையில இருக்கிற புத்தகத்தைப் பார்த்தா. பின்பக்கம் திருப்பிப் பார்த்தா.

"பிரவுன் கலர் கதை சார்."

அந்த வாரம் திங்கக்கிழமை தலைமை ஆசிரியர் பரமானந்தம் கூப்பிட்டாரு. மேசை மேல சத்துணவு முட்டை அட்டை, அதுக்குப் பின்னாடி அவரு.

"சவரி, வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றாரு. பிள்ளைங்க படிக்காத புத்தகத்தை எல்லாம், படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்தச் சொல்லி உத்தரவு. உம்ம பீரோவுல ஈ மொய்க்குது. போயிடும்."

"அது நான் அலைஞ்சு சேர்த்தது சார்."

"யாருக்குச் சேர்த்தீரு? பீரோவுக்கா? எனக்கும் அரிசி மூட்டை வைக்க இடம் வேணும். அந்த மூலை நல்லா காஞ்ச மூலை."

சார் நேரா மூணாம் வகுப்புக்கு வந்தாரு. டீச்சர் தரையில உட்கார்ந்து ஒரு பையனோட பல்லு ஆடுறதைப் பரிசோதனை பண்ணிட்டு இருந்தாங்க.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க."

"பிள்ளைங்களைப் புத்தகத்துக்கிட்ட எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"இதுவரைக்கும் எத்தனை புத்தகம் தொலைஞ்சிருக்கு?"

சார் நெஞ்சை நிமிர்த்தினாரு. "ஒண்ணுகூட தொலையல. ஒண்ணுகூட கிழியல."

"அடப்பாவமே," அப்படின்னாங்க டீச்சர்.

சாருக்குப் புரியல. சிஷ்யனா இருக்கிறதுல இது ஒரு வசதி, புரியலன்னா தலையை ஆட்டிட்டு நிக்கலாம்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பாடு கொண்டு வராதீங்க. நான் கொண்டு வர்றேன்," அப்படின்னாங்க.

மறுநாள் மத்தியானம் சார் போனாரு. மேசை மேல ஆறு டப்பா. எல்லாம் ஒரே அளவு. எல்லாத்துக்கும் பிரவுன் அட்டை போட்டு, மேல லேபிள், லேபிள்ல நம்பர்.

"கை கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"காட்டுங்க."

காட்டினாரு. ரெண்டு பக்கமும்.

"வரிசையில வாங்க."

"நான் ஒரு ஆள்தானே டீச்சர்."

"ஒரு ஆளா இருந்தாலும் வரிசை வரிசைதான். பேசாதீங்க."

சார் தனக்குப் பின்னாடி தானே நிக்கிற மாதிரி நின்னாரு.

"ஒண்ணுதான் எடுக்கணும். எடுத்தா மாத்த முடியாது. சிந்தினா பெற்றோரோட வரணும்."

"எங்க அப்பா கல்லறையில இருக்காரு டீச்சர்."

"அப்ப சிந்தாதீங்க."

சார் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு நாலாம் நம்பரை எடுத்தாரு. உரிச்சுத் திறந்தா, ஆறிப்போன ரசம். சோறு கூட இல்ல. ஆனா எங்கிருந்தோ நெத்திலிக் குழம்பு வாசம் வந்து மூக்கைத் தூக்குது. சார் மிச்ச அஞ்சு டப்பாவையும் பார்த்தாரு. அஞ்சும் பேசாம இருந்துச்சு.

"டீச்சர், நெத்திலி எதுல இருக்கு?"

"நம்பர் போட்டிருக்கேனே. பார்க்கலையா?"

சார் லேபிளைப் பார்த்தாரு. ஒண்ணு. ரெண்டு. மூணு. அட்டையைத் தடவிப் பார்த்தாரு.

"இந்தப் பிரவுன் பேப்பர்..."

"உங்க பீரோ மேல மிச்சம் இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

அப்புறம் டீச்சர் ரெண்டாம் நம்பரை அவரு பக்கம் தள்ளினாங்க. சார் சாப்பிட்டாரு. நெத்திலி ருசியாத்தான் இருந்துச்சு. தின்னுக்கிட்டே மிச்ச டப்பா அட்டையை எல்லாம் ஒவ்வொண்ணா உரிச்சாரு.

சாயங்காலம் சார் புத்தகம் பூராவையும் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டு போனாரு. பிலோமினா கேட்டாங்க, "கழட்டுறதுக்காகவா நான் அந்த வெயில்ல அடுப்புல நின்னு பசை காய்ச்சினேன்?"

"தப்பு பண்ணிட்டோம்."

"பண்ணிட்டோம் இல்ல, பண்ணிட்டீரு."

சொல்லிட்டு அவங்களும் உட்கார்ந்து உரிச்சாங்க. உரிக்க உரிக்க உள்ள இருந்து ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. யானை சைக்கிள் ஓட்டுது. ஒரு பேய், கையில பையோட ரேஷன் கடையில நிக்குது. கடலுக்கு நடுவுல ஒரு ஜன்னல் மட்டும் தனியா மிதக்குது.

"இவ்வளவு அழகையா மூடி வச்சோம்?" அப்படின்னாங்க பிலோமினா. இந்தத் தடவை 'வச்சீரு'ன்னு சொல்லல.

புதன்கிழமை காலையில பிள்ளைங்க வகுப்புக்குள்ள வந்தாங்க. கும்பிடக் கையைத் தூக்கின இசக்கி, அப்படியே நின்னுட்டான். தூக்கின கை கீழ இறங்கல.

"ஏலே, சாமிக்கு அலங்காரம் பண்ணிட்டாங்கல."

அன்னைக்கு பூரா கண்ணாடி முன்னாடி கூட்டம். மூக்கை ஒட்டி வச்சு வச்சு, கண்ணாடி பூரா மூக்குத் தடம். சார் சிரிச்ச முகத்தோட கதவைத் திறந்து, "எடுங்கல," அப்படின்னாரு. கூட்டம் ரெண்டடி பின்னால போயிடுச்சு. ஜெபராணி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டா.

சார் சார்ட்டைக் கிழிச்சுப் போட்டாரு. கூட்டம் இன்னும் ரெண்டடி பின்னால போச்சு. சார் எதையாவது கிழிச்சு அவங்க பார்த்ததே இல்ல.

வேற வழியில்லாம பூட்டிட்டு குருகிட்ட ஓடினாரு.

"டீச்சர், பாக்குறாங்க. தொட மாட்டேங்குறாங்க. நாளை மறுநாள் அதிகாரி வர்றாரு."

டீச்சர் ஊறுகாயை நக்கிட்டே கேட்டாங்க, "அதுல உங்களுக்கு எந்தப் புத்தகம் ரொம்பப் பிடிக்கும்?"

"எல்லாமே நல்ல புத்தகம்தான் டீச்சர்," அப்படின்னாரு சார்.

"மொபெட்ல கொண்டு வந்தீங்க. அட்டை போட்டீங்க. நம்பர் போட்டீங்க. தூசி தட்டுனீங்க."

"ஆமா."

"எதைப் படிச்சீங்க?"

"ஒண்ணும் படிக்கல டீச்சர்," அப்படின்னாரு சார்.

"நெத்திலி எப்படி இருந்துச்சுன்னு நேத்து எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?" டீச்சர் கேட்டாங்க.

"பிலோமினாகிட்ட சொன்னேன். பரமானந்தம் சார்கிட்ட சொன்னேன். பஸ் ஸ்டாப்ல ஒருத்தர்கிட்ட..."

"போயிட்டு வாங்க," அப்படின்னாங்க டீச்சர்.

வியாழக்கிழமை இடைவேளைக்கு மணி அடிச்சுச்சு. சார் பீரோவைத் திறந்தாரு. பிள்ளைங்க வெளிய ஓடுறதுக்குக் கிளம்பினவங்க, சும்மா ஒரு பார்வை பார்த்தாங்க. சார் ஒவ்வொரு புத்தகமா தொட்டுப் பார்த்து, கடைசியா அந்தப் பேய் புத்தகத்தை எடுத்துட்டு நாற்காலியில உட்கார்ந்தாரு. இடைவேளை முடிஞ்சு மணி அடிச்சுச்சு. சாருக்குக் கேக்கல.

சவரிமுத்து சாருக்கு மணி கேக்காதது சரித்திரத்துலயே அதான் முதல் தடவை. பிள்ளைங்க சத்தம் போடாம வந்து உட்கார்ந்தாங்க. ஏதாவது உடம்பு சரியில்லையோன்னு ஜெபராணிக்குப் பயம்.

அப்ப ஒரு சத்தம். பழைய மோட்டார் கிளம்புற மாதிரி, விட்டு விட்டு. சார் தோள் குலுங்குது. கண்ணுல தண்ணி.

"ஏலே, சார் அழுறாருல," அப்படின்னான் ஒருத்தன்.

"இல்லல," அப்படின்னான் இசக்கி மெதுவா. "சிரிக்கிறாரு."

வகுப்பே எழுந்திருச்சு பார்த்துச்சு. உள்ளூர்ல நடக்காத ஒரு அதிசயம் நடக்குது, உட்கார்ந்தா எப்படி?

"சார், என்ன சார்?"

"பேசாம இருங்கல. முக்கியமான இடம்."

"என்ன இடம் சார்?"

"ஒரு பேய் ஒரு வீட்டைப் பயமுறுத்தப் போச்சு. அந்த வீட்டுக்காரங்க அதுகிட்ட பையைக் குடுத்து, ரேஷன் கடை வரிசையில நிக்க வச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"வரிசை நகர்ந்து, பேய் முன்னாடி வந்துடுச்சு. கடைக்காரரு மெஷின்ல கைரேகை வைன்னு சொல்றாரு." சாருக்கு மறுபடியும் மோட்டார் கிளம்பிடுச்சு. "பேய்க்கு ஏதுல ரேகை?"

"சர்க்கரை குடுத்தாங்களா சார்?" ஜெபராணி கேட்டா.

"அதைத்தான பாத்துட்டு இருக்கேன், விடுங்களேன்ல."

அப்ப பரமானந்தம் சார் எதுக்கோ கூப்பிட்டு அனுப்பினாரு. சார் அலறி அடிச்சுட்டு ஓடினாரு. பத்து நிமிஷம் கழிச்சு திரும்பி வந்து வாசல்லயே நின்னுட்டாரு. போற அவசரத்துல சாவியை பீரோவுலயே விட்டுட்டாரு. ரெண்டு கதவும் விரியத் திறந்து கிடக்கு. செங்கல் சூளை சரிஞ்சு கிடக்கு. தரையில, ஜன்னல் மேல, பெஞ்சுக்கு அடியில, எங்க பார்த்தாலும் பிள்ளைங்க, பிள்ளைங்க கையில புத்தகம். ஒருத்தன் கை கழுவல, முறுக்கு தின்ன கை.

சார் கை அவரு அறியாம இடுப்புக்குப் போச்சு. சாவி இல்லாத கயித்தைத் தடவிட்டு, திரும்பி வந்துடுச்சு.

"இசக்கி, என் பேய் புத்தகம் எங்கல?"

"ஜெபராணிகிட்ட சார். அப்புறம் நான். அப்புறம் சுடலை. நீங்க அவனுக்குப் பின்னாடி நில்லுங்க சார்."

"நான் பாதி படிச்சுட்டேன்ல."

"வரிசை வரிசைதான் சார்," அப்படின்னான் இசக்கி. சார் போய் நின்னாரு.

சாயங்காலத்துக்குள்ள பிள்ளைங்களே பீரோவை அடுக்கிட்டாங்க. சார் போட்ட நம்பரை யாரும் சட்டை பண்ணல. மேல் தட்டுல சாக்பீஸால 'பேய்'. அடுத்த தட்டு 'சிரிப்பு'. அதுக்குக் கீழ 'அழுகை'. கடைசித் தட்டு 'தூக்கம் வரும்'. அந்தத் தட்டுல சார் ரொம்ப மதிச்சு வாங்கின பொது அறிவுப் புத்தகம் எல்லாம் படுத்துக் கிடந்துச்சு.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தாரு. இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். பரமானந்தம் சார் முன்னாடி ஓடி வந்து, ஆறாம் வகுப்பு வாசல்ல நின்னு தொண்டையைச் செருமினாரு.

ஒரு பிள்ளை எழுந்திருக்கல. ஒரு பிள்ளை வணக்கம் சொல்லல.

"வகுப்பு ஆசிரியர் எங்க?" அதிகாரி கேட்டாரு.

சார் பீரோவுக்குப் பக்கத்துல, தரையில, சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தாரு. தன் முறை வர்ற வரைக்கும் 'அழுகை' தட்டுல இருந்து ஒண்ணை எடுத்திருந்தாரு. அந்தக் கடலுக்கு நடுவுல மிதக்கிற ஜன்னல். கைக்குட்டை நனைஞ்சு போயிருந்துச்சு.

பரமானந்தம் சாருக்கு வேர்த்துடுச்சு. "சவரி," அப்படின்னாரு.

இசக்கி விரலை வாய் மேல வச்சான். "மெதுவா சார். எங்க சார் முக்கியமான இடத்துல இருக்காரு."

அதிகாரி சவரிமுத்து சாரைப் பார்த்தாரு. அப்புறம் ஜெபராணியைப் பார்த்தாரு. அவ அப்பத்தான் பேய் புத்தகத்தை மூடியிருந்தா, இசக்கி கையை நீட்டிட்டு இருந்தான்.

"நீ சொல்லும்மா. அது என்ன கதை?"

சார் இதைக் கேட்டு நிமிர்ந்தாரு. அப்பத்தான் யாரு வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுச்சு. எழுந்திருக்கப் பார்த்தாரு, கால் மரத்துப் போச்சு. பாதி எழுந்தபடியே ஜெபராணியைப் பார்த்தாரு. மொபெட், மே மாசம், பசை, எல்லாம் இப்ப அந்தப் பொண்ணு வாயில இருக்கு. பிரவுன் கலர்னு சொன்னா முடிஞ்சுச்சு.

ஜெபராணி ஆரம்பிச்சா. பேய் எங்க குடியிருந்துச்சுன்னு சொன்னா. அதுக்கு எத்தனை தங்கச்சின்னு சொன்னா. பேய் நடக்கிற மாதிரி நடந்து காட்டினா. ரேஷன் கடைக்காரரா குரலை மாத்தினா. ஜன்னல்ல இருந்த பசங்க இறங்கி வந்தாங்க. பரமானந்தம் சார் 'ம்' கொட்டினாரு, தெரியாம. "ரேகை விழல. மெஷின் கீ கீன்னு கத்துது. பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் சண்டைக்கு வர்றாங்க. அப்ப பேய் என்ன பண்ணுச்சுன்னா..."

நிறுத்திட்டா.

"என்ன பண்ணுச்சு?" அதிகாரி கேட்டாரு.

"அதைச் சொல்ல மாட்டேன் சார். படிச்சுக்கோங்க."

இஸ்திரி போட்ட முகத்துல ஒரு சுருக்கம் விழுந்துச்சு. வாய்க்கு ரெண்டு பக்கமும்.

இசக்கி பெரிய மனசு பண்ணினான். "சரி சார், நீங்க விருந்தாளி. என் முறையை எடுத்துக்கோங்க."

"ஏல, சுடலைக்கு அடுத்து நான் இருக்கேன்ல," அப்படின்னாரு சவரிமுத்து சார் தரையில இருந்து. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சாரு.

அதிகாரி முதல் பெஞ்சுல உட்கார்ந்தாரு. ஒரு பக்கம் படிச்சுட்டு எழுந்திருப்பாருன்னு பார்த்தா, எழுந்திருக்கல. அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு வெளிய ஜீப் ஹாரன் அடிக்குது. கையை மட்டும் ஆட்டினாரு. மறுபடியும் ஹாரன். கடைசியில எழுந்து, படிச்சுட்டே நடந்தாரு. வாசல்ல திரும்பினாரு.

"பரமானந்தம்."

"சார்?"

"அரிசி மூட்டைக்கு வேற மூலை பாருங்க."

புத்தகத்துக்குள்ள விரலை வச்சபடியே போய் ஜீப்புல ஏறிட்டாரு. ஜீப் கிளம்பிடுச்சு.

வகுப்புல எழுந்த சத்தத்துல பீரோ கண்ணாடி ரெண்டும் அதிர்ந்துச்சு. பரமானந்தம் சார்கூட ஒரு விசில் அடிச்சதா இசக்கி சொல்றான், அவரு இல்லைங்கிறாரு. சவரிமுத்து சாரை நாலு பசங்க தூக்கப் பார்த்தாங்க. முடியல. அவரைச் சுத்தி ஆடினாங்க.

ஆட்டம் நின்னதும் இசக்கி மேல் தட்டைப் பார்த்தான். ஜன்னல் வழியா ரோட்டைப் பார்த்தான்.

"சார், நம்ம பேயி."

சார் வேட்டியைப் பிடிச்சுட்டு மூணாம் வகுப்புக்கு ஓடினாரு. மூச்சு வாங்குது.

"டீச்சர், ஜெயிச்சுட்டோம். புத்தகம் எல்லாம் இங்கயேதான்."

"சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"ஆனா ஒண்ணு போயிடுச்சு டீச்சர். அந்தப் பேய் புத்தகம். அதிகாரியே கையோட கொண்டு போயிட்டாரு."

"வருத்தமா இருக்கா?"

"வயிறு எரியுது. நான் இன்னும் முடிவு படிக்கல. கேட்டா அந்தப் பொண்ணு சொல்ல மாட்டேங்குறா."

டீச்சர் ஊறுகாய் டப்பாவை மூடி வச்சாங்க. ஆடுற நாற்காலியை விட்டு எழுந்து, சிஷ்யனுக்குக் கை குடுத்தாங்க.

"வாழ்த்துகள் சார். இப்பத்தான் உங்க நூலகம் திறந்திருக்கு."